உட்பகை: ஒரு சிறு புழுவின் வரலாறு

திருவள்ளுவர் பொருட்பாலில் பகையைப் பற்றிக் கூறுமிடத்து, உட்பகைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கோட்டைக்கு வெளியே நிற்கும் பகைவனை மதிலும் அகழியும் படையும் தடுக்கும். கோட்டைக்குள்ளேயே குடியிருக்கும் பகைவனை அவை தடுக்கமாட்டா. காவல் வலிமையுடன் இருக்கும் வரை அவன் அடங்கியிருப்பான். காவல் தளர்ந்த நாளில் தலைதூக்குவான். நாடுகளின் வரலாற்றிற் பலமுறை காணப்பட்ட இவ்வுண்மை மனித உடலின் வரலாற்றிலும் காணப்படுகிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்னும் அரிய கலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியபோது, உடலின் காவலை வைத்தியர்களே வேண்டுமென்று தளர்த்த நேர்ந்தது. அப்போது உள்ளே பதுங்கியிருந்த பழைய பகைவர் சிலர் வெளிப்பட்டனர். அவர்களுள் ஒன்று, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிறு புழு. அதன் வரலாறு ஒரு கடற்படை வைத்தியசாலையில் தொடங்கி, சயாம் காட்டின் சேற்றைக் கடந்து, இக்காலத்துச் சத்திரசிகிச்சைக் கூடம் வரை வருகின்றது.

1876ஆம் ஆண்டில், பிரான்சின் தென்கரையிலுள்ள தூலோன் துறைமுகத்துக்குக் கொச்சின்சீனாவிலிருந்து போர்வீரர்கள் திரும்பி வந்தனர். இன்றைய தென் வியற்நாமே அன்று கொச்சின்சீனா என அழைக்கப்பட்டது. வந்தவர்களிற் பலர் தீராத வயிற்றோட்டத்தால் எலும்புந்தோலுமாக மெலிந்திருந்தனர். அவர்களைப் பரிசோதித்த கடற்படை வைத்தியர் லூயி நோர்மாண், அவர்களின் மலத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, நெளிந்து திரியும் எண்ணற்ற சிறு குடம்பிகளைக் கண்டார். இறந்தவர்களின் குடலை ஆராய்ந்தபோது வேறொரு வடிவமுடைய புழுவையும் கண்டார். அவருடைய நண்பர் பவே என்பார் இவற்றை விவரித்து, இரண்டும் இருவேறு இனங்கள் எனக் கொண்டு இருவேறு பெயர்களை இட்டார். பின்னர் இத்தாலியரான கிராசியும் ஜேர்மனியரான லொயிக்காற்றும் செய்த ஆராய்ச்சிகளால், அவை ஓரினத்தின் வெவ்வேறு பருவங்களே என்பது தெளிவாயிற்று. அவ்வினமே இன்று ஸ்ரொங்கிலோயிடிஸ் என அறிவியலார் வழங்கும் புழுவாகும்.

இப்புழு மனிதனை அடையும் வழி அக்காலத்தில் அறியப்படவில்லை. அசுத்தமான நீரைக் குடிப்பதால் வருகிறது என்றே பலர் எண்ணினர். கெய்ரோ நகரிற் பணியாற்றிய ஆதர் லோஸ் என்னும் ஜேர்மானிய ஆராய்ச்சியாளர் கொளுக்கிப்புழுவின் குடம்பிகளைக் கையாண்டுகொண்டிருந்தபோது, சில துளிகள் தற்செயலாக அவர் கையிற் சிந்தின. அவ்விடம் சிவந்து அரித்தது. சில கிழமைகளின் பின் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தோன்றின. குடம்பிகள் தோலைத் துளைத்துக்கொண்டு உட்புகும் என்ற உண்மை இவ்வாறு வெளியாயிற்று. ஸ்ரொங்கிலோயிடிஸ் புழுவுக்கும் அதுவே வழி என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதிப்பட்டது. மலத்தால் மாசடைந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போனுடைய தோலினூடே குடம்பி நுழைகிறது. குருதியோட்டத்திற் கலந்து நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டையை அடைந்து, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. குடலின் மென்சவ்வினுள் அது முதிர்ந்து பெண்புழு ஆகிறது. அதன் நீளம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர். ஆணின் துணையின்றியே அது முட்டையிடும்.

இதுகாறும் கூறியவற்றிற் பெரும்பகுதி கொளுக்கிப்புழுவுக்கும் பொருந்தும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இவ்வரலாறு முழுவதும் அவ்வொரு வேறுபாட்டின் மீதே நிற்கிறது. கொளுக்கிப்புழுவின் முட்டை மலத்துடன் வெளியேறி மண்ணை அடைந்த பின்னரே பொரிக்கும். ஆகவே மனிதன் அம்மண்ணை விட்டு நீங்கினால், உடலினுள் இருக்கும் புழுக்கள் சில ஆண்டுகளில் மூப்படைந்து மடிய, நோயும் தானே ஒழியும். ஸ்ரொங்கிலோயிடிஸ் புழுவின் முட்டையோ குடலினுள்ளேயே பொரித்துவிடுகிறது. பொரித்த குடம்பிகளிற் பெரும்பாலானவை வெளியேறினும், சில குடலை விட்டு நீங்குமுன்னரே தொற்றும் பருவத்தை எய்தி, குடற்சுவரையோ மலவாயிலை அடுத்த தோலையோ துளைத்துக்கொண்டு மீண்டும் அதே உடலினுட் புகுகின்றன. அவை முதிர்ந்து புதிய தலைமுறையாகின்றன. இவ்வாறு மண்ணின் உதவியின்றி, புறத்திலிருந்து ஒரு புதுப்புழுவும் வராமல், ஓர் உடலினுள்ளேயே தலைமுறை தலைமுறையாக இக்குடி வாழ்ந்துகொண்டிருக்கும். இதனைத் தன்தொற்று என்பர்.

அப்படியாயின் அவ்வுடல் விரைவிற் புழுக்களால் நிறைந்து அழிந்துவிடாதா என்ற வினா எழும். அழிவதில்லை. உடலின் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்க்கும் ஆற்றல், காவலாக நின்று புழுக்களின் தொகையை ஓர் எல்லைக்குள் அடக்கி வைக்கிறது. புழுவை முற்றாக ஒழிக்கும் வலிமை அக்காவலுக்கு இல்லை. காவலை மீறும் வலிமை புழுவுக்கும் இல்லை. இருதிறத்தாரும் ஒருவகை உடன்படிக்கையில் வாழ்வதுபோல ஆண்டுகள் கழிகின்றன. நோயாளிக்குப் பெரும்பாலும் துன்பம் எதுவும் தோன்றுவதில்லை. சிலருக்கு மட்டும் இடுப்பிலோ வயிற்றிலோ தொடையிலோ ஒரு சிவந்த கோடு தோன்றி, அரிப்புடன் ஒரு மணித்தியாலத்திற் பல சென்ரிமீற்றர் தூரம் ஓடி, சில நாட்களில் மறையும். தோலின் கீழே குடம்பி செல்லும் சுவடு அது. ஊறல் என்று சொறிந்துவிட்டு அவர்கள் அதனை மறந்துவிடுவர்.

இப்புழுவின் நீண்ட வாழ்வை உலகுக்குக் காட்டியது ஒரு பெரும் போர். 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. பல்லாயிரம் பிரித்தானிய, அவுஸ்திரேலிய வீரர் கைதிகளாயினர். பர்மாவிலிருந்த தம் படைகளுக்குக் கடல் வழியே உணவும் கருவிகளும் அனுப்புவது இடர் நிறைந்ததாயிருந்தமையால், யப்பானியர் சயாமிலுள்ள பான்போங் என்னுமிடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாற் வரை, 415 கிலோமீற்றர் நீளமுள்ள புகையிரதப் பாதையொன்றை அமைக்கத் துணிந்தனர். மலையும் காடும் ஆறும் நிறைந்த அப்பகுதியில் 1942ஆம் ஆண்டு தொடங்கிய வேலை, 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முடிவுற்றது. அதற்காக ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் உழைத்தனர். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் பசியாலும் அடியாலும் கொலராவாலும் மலேரியாவாலும் வயிற்றுளைவாலும் மாண்டனர்.

போர்க்கைதிகளைக் காட்டிலும் பெருந்தொகையினர் வேறொரு கூட்டத்தினர். மலாயாவிலும் பர்மாவிலும் யாவாவிலும் பிற இடங்களிலும் திரட்டப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் அங்கு வேலை செய்தனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர். நல்ல கூலி, குறுகிய காலம் என்ற பொய் வாக்குகளை நம்பிச் சென்றவரும் உண்டு. வலிந்து பிடிக்கப்பட்டவரும் உண்டு. போர்க்கைதிகளுக்குத் தம் படையைச் சேர்ந்த வைத்தியர்களும், மலக்குழி வெட்டுதல் நீரைக் கொதிக்கவைத்தல் முதலிய ஒழுங்குகளும் ஓரளவேனும் இருந்தன. இத்தொழிலாளருக்கு அவையும் இல்லை. கொலரா புகுந்த முகாம்களிற் குடும்பங் குடும்பமாக மடிந்தனர். இறந்தோர் தொகை எண்பதினாயிரம் என்பாரும் ஓரிலட்சம் என்பாரும் அதற்கு மேலென்பாரும் உளர். அவர்களைப் பற்றிய முழுமையான பெயர்ப்பதிவு இல்லாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

அம்முகாம்களின் நிலத்தை நினைத்துப் பார்த்தால், ஸ்ரொங்கிலோயிடிஸ் புழுவுக்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை என்பது விளங்கும். பருவமழையால் நிலம் எப்போதும் சேறாயிருந்தது. மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. வயிற்றுளைவால் நலிந்தோர் குழியை அடையுமுன்னரே இயற்கைக் கடனைக் கழிக்க நேர்ந்தது. காலணிகளோ முதல் மழைக்காலத்திலேயே மக்கிப் போயின. வெறுங்காலுடன் அச்சேற்றில் நாள்தோறும் நடந்தவர்களின் உடலிற் புழு புகுந்தது. புண்ணும் காய்ச்சலும் பசியும் கொன்றுகொண்டிருந்த அவ்விடத்தில் ஒரு சிறு புழுவை எண்ணுவார் யார்? 1945ஆம் ஆண்டு போர் முடிந்து, உயிர் தப்பியோர் தத்தம் நாடுகளுக்குத் திரும்பினர். உடல் தேறினர், மணம் புரிந்தனர், தொழில் செய்தனர். புழுவும் அவர்களுடன் சென்றது. லிவர்பூலின் பனியிலும் பேர்த் நகரின் வெயிலிலும் அது அவர்களின் குடலினுள்ளே அமைதியாகக் குடியிருந்தது.

இவ்வுண்மை மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில், தூரகிழக்கிலிருந்து மீண்ட முன்னாட் கைதிகளைப் பரிசோதிக்கும் பணி பல்லாண்டுகள் நடைபெற்றது. 1968ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரை அங்கு பரிசோதிக்கப்பட்ட 2,072 பேரில் 248 பேரிடம், அதாவது நூற்றுக்குப் பன்னிருவரிடம், இப்புழுவின் தொற்று இருந்தமை காணப்பட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவில் குறோவ் என்னும் ஆராய்ச்சியாளர் 160 முன்னாட் கைதிகளைச் சோதித்து, அவர்களில் 44 பேரிடம் இதனைக் கண்டு 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார். சேற்றை விட்டு நீங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் புழு உயிருடன் இருந்தது. புழுவின் ஆயுள் அத்துணை நீண்டதென்பது இதன் பொருளன்று. முதலிற் புகுந்த புழு எப்போதோ மடிந்துவிட்டது. அதன் வழித்தோன்றல்களே அங்கு வாழ்ந்தன.

இஃது இவ்வாறிருக்க, மருத்துவ உலகில் வேறொரு வரலாறு விரைந்து நடந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு நோயாளிக்கு அதிரீனற் சுரப்பியைச் சேர்ந்த கோட்டிசோன் என்னும் ஓமோன் கொடுக்கப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டு அவ்வாராய்ச்சிக்காக ஹென்ச், கென்டால், றைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வீக்கத்தையும் வெப்பத்தையும் தணிக்கும் அம்மருந்து, அவற்றைத் தோற்றுவிக்கும் நிர்ப்பீடனத்தையும் உடன் தணித்தது. நோய் தணிவதும் காவல் தளர்வதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதை உணரச் சில ஆண்டுகள் சென்றன.

1954ஆம் ஆண்டு திசெம்பர் 23ஆம் நாள், பொஸ்ரன் நகரில் யோசெப் மறே என்னும் சத்திரவைத்தியரும் அவருடைய குழுவினரும் ஒருவரின் சிறுநீரகத்தை அவரையே உருவில் ஒத்த இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களாதலின், புதிய உறுப்பை உடல் அந்நியமாகக் கருதவில்லை. ஆனால் இரட்டையரல்லாத ஏனையோர் என் செய்வது? உடலின் காவல் தன்னையும் பிறனையும் பிரித்தறியும் இயல்புடையது. உயிர் காக்க வந்த சிறுநீரகத்தையும் அது பகைவனெனக் கொண்டு அழித்துவிடும். ஆகவே காவலைத் தளர்த்துவது ஒன்றே வழியாயிற்று. ஹிற்சிங்ஸ், எலியன் ஆகியோர் ஆக்கிய அசதயோப்பிறின் என்னும் மருந்து 1962ஆம் ஆண்டளவில் பயன்பாட்டுக்கு வந்தது. அதனுடன் கோட்டிசோன் வகையைச் சேர்ந்த பிறெட்னிசோனையும் சேர்த்துக் கொடுத்தால், உறுப்பு நிராகரிக்கப்படுவதைத் தடுக்கலாமென டென்வர் நகரில் தோமஸ் ஸ்ராசல் காட்டினார். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை உலகெங்கும் பரவியது.

இவ்விரு வரலாறுகளும் சந்தித்த இடத்திலே துன்பம் விளைந்தது. 1966ஆம் ஆண்டில், பிறேசில் நாட்டு வைத்தியர் மூவர், கோட்டிசோன் வகை மருந்து பெற்ற நோயாளிகள் சிலர் ஸ்ரொங்கிலோயிடிஸ் புழுவால் மாண்டதை அறிவித்தனர். அதே காலத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளரிடத்தும் அவ்வாறான மரணங்கள் அறியப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளிற் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோரிடத்தும் அதே கதை நிகழ்ந்தது. சத்திரசிகிச்சை நன்றாக நிறைவேறும். புதிய சிறுநீரகம் செவ்வனே இயங்கும். நோயாளி வீடு திரும்புவார். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுள், அல்லது உறுப்பு நிராகரிப்பைத் தடுக்க மருந்தின் அளவைக் கூட்டிய பின், வயிற்றுவலியும் வாந்தியும் மூச்சுத்திணறலும் தோன்றும். காவல் தளர்ந்தமையால் தன்தொற்று எல்லை கடந்து, குடம்பிகள் ஆயிரம் பல்லாயிரமாகப் பெருகிவிடுகின்றன. வழக்கமான பாதையை விட்டு ஈரல், சிறுநீரகம், மூளை எனக் கண்ட இடமெல்லாம் அவை பரவுகின்றன.

புழு தனியே செல்வதில்லை என்பதே இதிற் கொடிய பகுதி. குடற்சுவரைத் துளைத்துச் செல்லும் குடம்பி, குடலில் வாழும் பற்றீரியாக்களையும் தன்னுடன் குருதிக்குட் கொண்டு செல்கிறது. அதனால் குருதி நஞ்சேறுகிறது. மூளையைச் சூழ்ந்த சவ்வு அழற்சியடைகிறது. வைத்தியர் குருதியைச் சோதித்துப் பற்றீரியாவைக் கண்டு அதற்கு மருந்து கொடுப்பார். பற்றீரியா ஒடுங்கும், சில நாட்களில் மீண்டும் தோன்றும். வாயிலைத் திறந்துவிட்டவன் அகப்படாதவரை கொள்ளையரைப் பிடித்துப் பயனில்லை அன்றோ? மூச்சுத்திணறலைக் கண்டு ஆஸ்துமா எனக் கருதி, கோட்டிசோன் வகை மருந்தையே மேலும் கொடுத்தலும் உண்டு. அப்போது காவல் இன்னும் தளர்கிறது. ஒட்டுண்ணிப் புழு இருப்பதை உணர்த்தும் அறிகுறியாக, குருதியில் இயோசினோபில் என்னும் வெண்கலங்கள் பெருகுவது வழக்கம். அம்மருந்து அவ்வறிகுறியையும் மறைத்துவிடுகிறது. உண்மை வெளிப்படும்போது நோயாளியைக் காப்பது பெரும்பாலும் அரிதாகிவிடுகிறது.

பகைவன் எப்போதும் நோயாளியின் உடலிலேயே இருந்தவனாக வேண்டுமென்பதும் இல்லை. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அறிக்கை, இறந்த ஒருவரின் இரு சிறுநீரகங்களையும் பெற்ற இருவரும் இப்புழு நோய்க்கு ஆளானமையை எடுத்துக் கூறி, கொடையுடன் புழுவும் வந்திருக்குமோ என்று வினவியது. பின்வந்த அனுபவங்கள் அவ்வாறு நிகழக்கூடும் என்பதை உறுதிப்படுத்தின. ஆகவே பெறுபவரை மட்டுமன்றி, கொடுப்பவரையும் ஆராய்தல் வேண்டும் என்ற விதி பிறந்தது.

மற்றைய ஒட்டுண்ணிகள் சிலவும் இவ்வாறே மறைந்திருந்து எழும் இயல்புடையன. 1909ஆம் ஆண்டு பிறேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த நோய், ஒருவகை மூட்டுப்பூச்சி வழியாகப் பரவி, பல்லாண்டுகளின் பின் இதயத்தைச் சிதைக்கும். சிதைந்த இதயத்தை அகற்றிப் புதிய இதயத்தைப் பொருத்தினும், உடலின் பிற தசைகளிற் பதுங்கியிருக்கும் கிருமி மீண்டும் எழுந்து புதிய இதயத்தையும் தாக்கக்கூடும். பூனையின் வழியாகப் பரவும் தொக்சோபிளாஸ்மா என்னும் கிருமியோ, கொடையாளியின் இதயத் தசையிலேயே உறங்கியிருந்து, அக்கிருமியை முன் அறியாத உடலில் விழித்தெழும். இவற்றைத் தொடர்ந்து கண்காணித்தும், தடுப்பு மருந்துகளை முன்கூட்டியே கொடுத்தும் வைத்தியர் இன்று பலரைக் காக்கின்றனர். எனினும் ஸ்ரொங்கிலோயிடிஸ் புழுவுக்குள்ள ஒரு சிறப்பு இவற்றினின்றும் வேறானது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே, ஏறத்தாழ ஓரிரு நாள் மருந்தால், அதனை ஒழித்துவிட இயலும்.

அம்மருந்தின் வரலாறும் அறியத்தக்கது. 1960களிற் பயன்பட்ட தயபென்டசோல் என்னும் மருந்து புழுவைக் கொன்றது. ஆயினும் தலைச்சுற்றையும் குமட்டலையும் விளைத்தது. 1970களின் தொடக்கத்தில் யப்பானிய அறிஞர் சற்றோசி ஓமுறா, இற்றோ நகரை அடுத்த கவானாவில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் முதலியோர் அதிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆராய, ஐவமெக்றின் என்னும் மருந்து உருவாயிற்று. முதலிற் கால்நடைகளுக்கும் பின்னர் மனிதருக்கும் பயன்பட்ட அம்மருந்து, இன்று இப்புழுவுக்கு முதன்மையான மருந்தாக விளங்குகிறது. 2015ஆம் ஆண்டு அவ்விருவரும் மருத்துவத்துக்கான நோபல் பரிசிற் பங்கு பெற்றனர்.

மண்ணிலிருந்து வந்த மற்றொரு மருந்தும் இவ்வரலாற்றில் எதிர்பாராத பங்கைப் பெற்றது. நோர்வே நாட்டு மேட்டுநிலமொன்றின் மண்ணிற் கிடைத்த பூஞ்சணத்திலிருந்து சைக்கிளோஸ்போறின் பெறப்பட்டது. 1978ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் றோய் கானே அதனை முதன்முதல் உறுப்பு மாற்று நோயாளருக்குக் கொடுத்தார். அதன்பின் மாற்றுச் சிகிச்சையின் வெற்றி பெரிதும் உயர்ந்தது. காவலைத் தளர்த்துவதற்கென வந்த அம்மருந்துக்கு இப்புழுவை ஒடுக்கும் ஆற்றலும் ஓரளவு உண்டென்பது 1980களில் விலங்குகளில் நடத்திய சோதனைகளால் தெரியவந்தது. காவலனை உறங்கவைத்த கையே கள்வனின் காலையும் கட்டியது போலாயிற்று. ஆயினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்த மருந்துகளிலும் அத்தகைய காப்பை எதிர்பார்க்க இயலாது.

ஆகவே இன்றுள்ள வழி முன்னறிந்து தடுத்தலே. மலத்தை ஒருமுறை சோதித்தல் போதாது. குடம்பிகள் சிலவாகவும் விட்டுவிட்டும் வெளிவருவதால், இருக்கும் புழு இல்லையெனத் தோன்றக்கூடும். பலமுறை சோதித்தலும், குருதியில் எதிர்ப்புப் பொருளைத் தேடுதலும் வேண்டும். இவற்றினும் முந்தியது ஒன்றுண்டு. அது நோயாளியிடம் கேட்கும் கேள்வி. எங்கே பிறந்தீர், எங்கே வாழ்ந்தீர், எத்தொழில் செய்தீர், வெறுங்காலுடன் மண்ணில் வேலை செய்ததுண்டா, எந்தப் போரில் எந்த நாட்டில் இருந்தீர் என்பன அக்கேள்விகள். நாற்பதாண்டுக்கு முற்பட்ட மறுமொழி இன்றைய மருந்துச் சீட்டை மாற்றிவிடும். நோயாளியின் வரலாறு என்று வைத்தியர் கூறும்போது, அச்சொல் வெறும் உவமையாக நில்லாது, உண்மை வரலாறாகவே அமைந்துவிடும் இடம் இது.

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று உலகை அலைத்தபோது, இக்கேள்வியின் அருமை மீண்டும் உணரப்பட்டது. கோட்டிசோன் வகையைச் சேர்ந்த டெக்சாமெதசோன் கடும் நோயாளரின் உயிரைக் காக்கும் என அவ்வாண்டு யூன் மாதத்தில் இங்கிலாந்தில் அறியப்பட்டது. அது பல இலட்சம் பேருக்குக் கொடுக்கப்படும் நிலையில், வெப்பநாடுகளைச் சேர்ந்தோருக்கு இப்புழு இருக்கக்கூடும் என்பதை மறவாதீர் என வைத்தியர் பலர் எச்சரித்தனர். உலகில் இத்தொற்றுடையோர் முப்பது கோடி முதல் அறுபது கோடி வரை இருக்கலாமென மதிப்பிடப்படுகிறது. அவர்களிற் பெரும்பாலோர் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள ஏழைகள். மலசலகூடமும் காலணியும் இல்லாதவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் 2030 வரையுள்ள தன் திட்டத்தில் இந்நோயின் கட்டுப்பாட்டையும் ஓர் இலக்காகச் சேர்த்துள்ளது.

இவ்விடத்தில் சயாம் காட்டுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை மீண்டும் நினைத்தல் வேண்டும். லிவர்பூலிற் சோதிக்கப்பட்ட 2,072 பேருக்கும் படைப்பதிவு இருந்தது. ஓய்வூதியமும் சங்கமும் இருந்தன. அவர்களை அழைத்துக் கேட்க ஒரு வைத்தியசாலை இருந்தது. அதே சேற்றில், அதே காலத்தில், அவர்களினும் பெருந்தொகையாக நின்றோர் தோட்டங்களுக்குத் திரும்பி மீண்டும் இறப்பர்ப் பால் எடுத்தனர். அவர்களுடைய உடலிற் புழு இருந்ததா, காவல் தளர்ந்த முதுமையில் அது எழுந்ததா, ஆஸ்துமா என்றும் காய்ச்சல் என்றும் எழுதப்பட்ட மரணங்களுள் எத்தனை அதன் செயல் என்பவற்றைக் காட்டும் பட்டியல் எவரிடமும் இல்லை. கேட்கப்பட்டவரின் வரலாறு மருத்துவ நூலாயிற்று; கேட்கப்படாதவரின் வரலாறு அவருடன் புதைந்தது.

இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் மலேசியாவிலும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. வயலிலும் தோட்டத்திலும் ஈரமண்ணை மிதித்து வளர்ந்தோர் அச்சத்திரசிகிச்சைக்கு வருகின்றனர். உறவினருக்காகத் தம் சிறுநீரகத்தைக் கொடுக்கவும் முன்வருகின்றனர். அவர்களுக்கு வேண்டிய காப்பு பெருஞ்செலவினதன்று. ஒரு கேள்வியும் ஒரு சோதனையும் தேவையாயின் சில மாத்திரைகளும் போதும். நோர்மாண் தூலோன் துறைமுகத்திற் செய்ததும் அதுவே. வெளிநாட்டிலிருந்து மெலிந்து வந்த எளிய வீரனை, இவன் எங்கிருந்து வந்தான், இவனுள் என்ன இருக்கிறது என்று பொறுமையுடன் நோக்கினார். அந்நோக்கு உள்ள இடத்தில், காவலைத் தளர்த்துமுன் கோட்டைக்குள் உள்ளவரை எண்ணிப் பார்க்கும் வழக்கமும் உண்டாகும்.